வீதம் இரண்டு, திரை ஒன்று

கணினி விளையாட்டைப் பற்றிப் பேசும் மாணவர்கள் 60 என்றும் 144 என்றும் எண்களை அடுக்குவர். அவை எதனுடைய எண்கள் என வினவினால் தெளிவான விடை வருவது அரிது. வெவ்வேறான இரண்டு அளவுகளை ‘வேகம்’ என்னும் ஒரே சொல்லால் வழங்குவதே இக்குழப்பத்தின் வேர் எனக் கருதுகிறோம்.

வரைகலை அட்டை ஒரு வினாடியில் வரைந்து முடிக்கும் படங்களின் எண்ணிக்கை படச்சட்ட வீதம். திரை ஒரு வினாடியில் மேலிருந்து கீழாகத் தன்னைப் புதிதாக எழுதிக்கொள்ளும் முறைகளின் எண்ணிக்கை புதுப்பிப்பு வீதம். இதன் அலகு ஹெர்ட்ஸ். முன்னது காட்சிக்கேற்ப ஏறி இறங்கும். வெற்றுச்சுவரின் முன் நின்றால் கூடும். புகையும் வெடிப்பும் சூழ்ந்தால் குறையும். பின்னதோ, வழக்கமான திரைகளில் மாறாது நிற்கும்.

60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அது பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே அட்டை அடுத்த படத்தை நீட்டினால், மேலே பழைய படமும் கீழே புதிய படமும் நிற்கும். பார்வையைப் பக்கவாட்டில் திருப்புகையில் தூணொன்று நடுவில் முறிந்து விலகினாற்போல் தோன்றும். இதுவே திரைக்கிழிசல். அட்டை வலுவற்றது என்பதற்கு இஃது அடையாளம் அன்று. அட்டை திரையை முந்தினாலும் கிழிசல் உண்டு, பிந்தினாலும் உண்டு.

அட்டையைக் காத்திருக்கச் செய்வது பழைய தீர்வு. இதனைச் செங்குத்து ஒத்திசைவு என்பர். கிழிசல் நீங்கும், ஆனால், ஒரு படம் 17 மில்லிவினாடியில் முடிந்தால், கணப்பொழுதில் பேருந்தைத் தவறவிட்டவர் அடுத்த பேருந்து வரும்வரை நிற்பதுபோல், அது 33.3 மில்லிவினாடி வரை நிற்க நேரும். இரண்டே தேக்ககங்கள் உள்ள அமைப்பில் இது தொடருமாயின், 58 ஆக இருக்கவேண்டிய வீதம் 30 ஆக விழும். விசையை அழுத்துவதற்கும் அதன் விளைவு திரையில் தோன்றுவதற்கும் இடையிலான தாமதமும் கூடும்.

என்விடியா 2013இல் அறிவித்த ஜி-சிங்க் இம்முறையைத் தலைகீழாக்கியது: காத்திருப்பது இனி திரை. 2014இல் வெசா அமைப்பு அடாப்டிவ்-சிங்க் என்னும் பொதுத்தரத்தை டிஸ்பிளேபோர்ட் இணைப்பில் சேர்த்தது; ஏஎம்டியின் ஃபிரீசிங்க் அதனைப் பயன்படுத்தியது. இதனைத் தமிழில் ‘மாறுவீதப் புதுப்பிப்பு’ எனலாம். மாறிய, மாறுகின்ற, மாறும் என முக்காலத்தையும் உள்ளடக்கிய வினைத்தொகை, நொடிதோறும் மாறும் ஒன்றுக்கு வாய்த்த பெயரென்றே தோன்றுகிறது.

இதற்கும் எல்லை உண்டு. 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை மாறவல்ல திரையில், படச்சட்ட வீதத்தை 140 அளவில் கட்டுப்படுத்துவது நன்று. மேலெல்லையைத் தாண்டினால் கிழிசலோ காத்திருப்போ மீளும். கீழெல்லைக்குக் குறைந்தால், பல திரைகளில் ஒரே படம் இருமுறை காட்டப்பட்டு இடைவெளி நிரப்பப்படும். புதிய திரை வாங்கியோர் இயங்குதள அமைப்புகளையும் ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். 144 ஹெர்ட்ஸ் திரை, எவரும் மாற்றாமையால் 60இலேயே இயங்கிக்கொண்டிருப்பது அரிதன்று.