ஆங்கிலத் திருமறையில் பெரிய எழுத்துகள்

ஆங்கிலத் திருமறையைத் துணைகொண்டு அருளுரைக்கு ஆயத்தம் செய்வோர், “இவ்விடத்தில் இச்சொல் பெரிய எழுத்தில் தொடங்குகின்றது, ஆகவே இது தூய ஆவியானவரையே குறிக்கும்” என்று முடிவு செய்வதுண்டு. தேர்வுத் தாள்களிலும் இவ்வாதம் தலைகாட்டுகின்றது. அப்பெரிய எழுத்து மூலத்தில் உள்ளதா என்னும் வினா எழுவதேயில்லை.

மூலத்தில் அது இல்லை. எபிரேய மொழிக்கும் அரமேய மொழிக்கும், தமிழைப் போலவே, பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு கிடையாது. கிரேக்கத்திலோ நிலைமை வேறு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் எல்லா எழுத்துகளுமே பெரியவை. சொற்களுக்கிடையே இடைவெளிகூட இல்லை. சிறிய எழுத்தில் எழுதப்பெற்று, ஆண்டும் குறிக்கப்பெற்ற நற்செய்திப் படிகளுள் மிகப் பழையது 835ஆம் ஆண்டினது. தேவன், கர்த்தர், ஆவி முதலிய சொற்களைச் சுருக்கி, மேலே கோடிடும் வழக்கம் பழைய படிகளில் உண்டு என்பது உண்மையே. ஆயினும் பொதுப்பொருளில் வரும் ‘ஆவி’யையும் சில வேளை அவ்வாறே சுருக்கியிருப்பதால், அக்கோட்டைப் பெரிய எழுத்துக்கு ஈடாகக் கொள்ளுதல் இயலாது.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளுள் ஒருவகை மட்டும் மூலத்தைப் பற்றிய செய்தியைத் தருகின்றது. பழைய ஏற்பாட்டில் ‘லார்ட்’ என்னும் சொல்லின் நான்கு எழுத்துகளும் பெரியனவாக அச்சிடப்பட்டிருப்பின், எபிரேயத்தில் யாவே என்னும் திருப்பெயர் நிற்கின்றது என அறியலாம். முதலெழுத்து மட்டும் பெரிதாயின், அங்குள்ளது தலைவன் எனப் பொருள்படும் வேறு சொல். சங். 110:1இல் இரண்டும் வருகின்றன. உரக்க வாசிக்கையில் இவ்வேறுபாடு ஆங்கிலேயர் செவிக்கு எட்டாது. நம் பழைய மொழிபெயர்ப்போ அங்கு முன்னதைக் கர்த்தர் என்றும், பின்னதை ஆண்டவர் என்றும் பிரித்துக் காட்டுகின்றது.

‘ஆவி’யின் நிலை இத்துணை எளிதன்று. எபிரேய ரூவாக், கிரேக்க நியூமா ஆகிய இரண்டும் காற்று, மூச்சு, ஆவி என்னும் மூன்றையும் குறிக்க வல்லவை. ஆதி. 1:2இல் ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு பெரிய எழுத்திட்டு ‘ஆவி’ எனக் கொண்டது; 1970இல் முழுமையாக வெளிவந்த புதிய ஆங்கிலத் திருமறை அதனைப் பெருங்காற்றாகக் கொண்டது. உரோமர் 8:15 இன்னும் சிக்கலானது. அங்குச் சுவிகாரத்தின் ஆவி, ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பின் இக்காலப் பதிப்புகளில் பெரிய எழுத்திலும், ரிவைஸ்டு ஸ்டாண்டர்ட் மொழிபெயர்ப்பில் சிறிய எழுத்திலும் காணப்படுகின்றது. முன்னதன்படி நாம் பெற்றது தூய ஆவியானவரை. பின்னதன்படி அது பிள்ளைக்குரிய மனநிலை என்றும் பொருள்கொள்ளலாம். கிரேக்கம் இரண்டுக்கும் இடந்தருகின்றது. பெரிய எழுத்தே பொருந்தும் என்பது என் கருத்து; ஆயின் அதற்குச் சான்று 16ஆம் வசனமேயன்றி அச்செழுத்தின் அளவு அன்று.

தமிழர் இச்சிக்கலுக்குத் தப்பினர் என எண்ணவேண்டா. நம் பழைய மொழிபெயர்ப்பில் 15ஆம் வசனத்தில் ‘ஆவி’ என்றும், அடுத்த வசனத்தில் ‘ஆவியானவர்’ என்றும் உள்ளது. ‘ஆனவர்’ என்பதே நமது பெரிய எழுத்து. அதனைச் சேர்ப்பவரும் விடுப்பவரும் மொழிபெயர்ப்பாளரே.

இறைவனைச் சுட்டும் நான், நீ, அவர் முதலிய சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்குதல் தொன்மையான வழக்கம் எனப் பலர் கருதுகின்றனர். ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பில் அது இல்லை. 1971இன் நியூ அமெரிக்கன் ஸ்டாண்டர்ட், 1982இன் நியூ கிங் ஜேம்ஸ் ஆகியவை அதனைக் கைக்கொண்டன. பக்தியினின்று எழுந்த வழக்கமே. எனினும் யோவான் 8:48இல் ஆண்டவரைப் பிசாசு பிடித்தவர் என ஏசுவோரும் அவரைப் பெரிய எழுத்திலேயே விளிக்கின்றனர்! நம் பழைய மொழிபெயர்ப்பாளர் அங்கு ‘உன்னை’ என்றே எழுதினர். ஏசுவோரின் குரல் அதில் கேட்கின்றது.

இதனினும் கவலைக்குரியது 22ஆம் சங்கீதம். அதன் முதல் வசனத்தில், கைவிடப்பட்டவர் தம்மைக் குறிக்கும் ‘என்னை’ என்னும் சொல்லையும் நியூ கிங் ஜேம்ஸ் பெரிய எழுத்தில் தருகின்றது. நியூ அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் அவ்வாறு செய்யவில்லை. ஆண்டவர் சிலுவையில் அவ்வார்த்தைகளைத் தமதாக்கிக்கொண்டார் என்பதில் ஐயமில்லை. எனினும் அதற்கு முன்னரே துன்புற்ற இஸ்ரவேலன் ஒருவன் அவ்வாறு கதறினான். பெரிய எழுத்து அவன் வாயை அடைத்துவிடுகின்றது. நோயாளியின் படுக்கையருகே அச்சங்கீதத்தை வாசிக்கும் ஆயர், அவர் அதனைத் தம் சொல்லாகவே கொள்ளவேண்டும் என்றன்றோ வாசிக்கின்றார்?

ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர்க்கும் ஒரு சொல். ‘சர்ச்’ என்பது தென்னிந்தியத் திருச்சபை போன்றதொரு பெயரின் பகுதியாயின் பெரிய எழுத்து. ஊர்ச் சபையையோ கட்டடத்தையோ பொதுவாகக் குறிப்பின் சிறிய எழுத்து. உலகளாவிய திருச்சபையைக் குறிக்கையில் இருவகை வழக்கும் உண்டு. ஒன்றைத் தெரிந்து ஏடு முழுவதும் கைக்கொள்ளல் வேண்டும். ‘பைபிள்’ பெரிய எழுத்தில் தொடங்கும்; அதினின்று பிறக்கும் ‘பிப்ளிக்கல்’ சிறிய எழுத்திலேயே பெரும்பாலும் எழுதப்படும். ஊழியம், அருளுரை, போதகர் என யாவற்றையும் மரியாதை கருதிப் பெரிதாக்கும் ஏடுகளும் வருகின்றன. அவற்றைச் சிறிதாக்குவதிலேயே திருத்துவோரின் சிவப்பு மை தீர்ந்துவிடுகின்றது.