வீட்டில் செய்யும் இன்டேக் மேனிஃபோல்டு: எந்தப் பொருள் நல்லது?

கார்புரேட்டரில் கலந்த காற்றையும் பெட்ரோலையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் குழாய்தான் இன்டேக் மேனிஃபோல்டு. பழைய கார்புரேட்டர் மாருதி 800-ல் மூன்று சிலிண்டர், 796 சி.சி. அந்த மாதிரி என்ஜினைப் புராஜெக்ட்டுக்கு எடுத்து, வேறு கார்புரேட்டர் மாட்ட நினைக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, "பிவிசி பைப்பில் பண்ணிட்டா என்ன?" என்பதுதான். காசும் குறைவு, ஒட்டுவதும் சுலபம். ஆனால் கூடவே கூடாது! பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும்; என்ஜின் தண்ணீரே 90 டிகிரியைத் தொடும். ஐடிலிங்கில் உள்ளே ஏறக்குறைய 500 மி.மீ. பாதரச அளவுக்கு வெற்றிடம் உண்டாகும். இளகின குழாய் சப்பிப் போகும். பேக்ஃபயர் அடித்தால் வெடித்துச் சிதறும். பக்கத்திலேயே பெட்ரோல் இருக்கிறது.

"இப்போ வர்ற கார்ல பிளாஸ்டிக்தானே?" என்பீர்கள். அது கண்ணாடி இழை சேர்த்த நைலான். நைலான் 66 உருகுவதே 260 டிகிரி பக்கம். அச்சில் வார்க்கும் அந்த வேலை நம் ஒர்க்ஷாப்பில் ஆகாது. ஃபைபர் கிளாஸும் வேண்டாம். 2023 முதல் நம் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது; சாதாரண பாலியஸ்டர் ரெசின் அதில் ஊறிக் கெட்டுவிடும்.

மிச்சம் அலுமினியமும் இரும்பும். அலுமினியம் எடையில் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அது 660 டிகிரியில் உருகும்போது மேலே உள்ள ஆக்சைடு படலம் 2000 டிகிரி தாண்டினாலும் உருகாது. ஆகவே ஆர்கான் வெல்டிங்கும் கை தேர்ந்த வெல்டரும் வேண்டும். கையில் காசு இருந்தால் அதுதான் முதல் தரம். நமக்கு எம்.எஸ். பைப்பே போதும் என்பது என் கருத்து. 16 கேஜ் பைப், 10 மி.மீ. தட்டில் ஃபிளாஞ்ச், இரண்டும் காயலான் கடையிலேயே கிடைக்கும். ஜி.ஐ. பைப்பை மட்டும் எடுக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை வந்து ராத்திரி காய்ச்சல் அடிக்கும்.

ஹெட் அலுமினியமாக இருந்தால் இன்னொரு கணக்கு உண்டு. 30 செ.மீ. நீளத்துக்கு 70 டிகிரி சூடு ஏறினால், அலுமினியம் இரும்பைவிடச் சுமார் 0.23 மி.மீ. அதிகம் விரியும். போல்ட் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, நல்ல பேக்கிங் வையுங்கள். இல்லாவிட்டால் அங்கேதான் காற்று கசியும். கசிந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும்.

வெல்டிங் முடிந்ததும் ஃபிளாஞ்ச் வளைந்துதான் இருக்கும். ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்து, அரம் போட்டுச் சமப்படுத்த வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்லாக்கைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். ஒரு துளி உள்ளே போனாலும் சிலிண்டர் கீறிவிடும். கடைசியாக எல்லா வாயையும் அடைத்து, லேசாகக் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்குங்கள். குமிழி வருகிற இடத்தைச் சாக்பீஸால் குறித்து மறுபடி வெல்டு வைத்த பிறகே என்ஜினில் மாட்டுங்கள்.