அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் ட்ரிப்: சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் எல்லை எது?

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல். வார இறுதியில் பைக்கில் கிளம்பும் இளைஞர்களுக்குப் பிடித்த காட்டுப் பாதை இது. அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே போவது, கட்டுச்சோறு எடுத்துப்போவது, அறை போடாமல் இருட்டுவதற்குள் திரும்புவது... இதையெல்லாம் யாரும் குறை சொல்ல முடியாது. கஷ்டமும் உங்களோடது, மிச்சமும் உங்களோடது.

சிக்கல் எங்கே வருகிறது?

லாட்ஜ் வாடகையை மிச்சம் பிடிக்க காட்டுக்குள்ளேயே டென்ட் அடிக்கும்போது. அஞ்செட்டி வனப்பகுதி, 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்தில் வருகிறது. பரப்பு சுமார் 504 சதுர கி.மீ. யானைகள் நடமாடும் இடம். 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். (கூகுள் மேப் வழி காட்டுவது அனுமதி ஆகாது.) சமைக்க மூட்டும் அடுப்பு காய்ந்த புல்லில் பிடித்தால், அணைக்க ஓடிவருவது வன ஊழியர்களும் பக்கத்து கிராமத்து மக்களும்தான். காட்டுத்தீ என்ன செய்யும் என்பதை 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் பார்த்தோம். மலையேறப் போன 23 பேர் உயிரிழந்தார்கள்.

அடுத்து, பரிசல். காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசல் இயக்கத் தடை; அந்த நாட்களில் ஓட்டுபவருக்கு வருமானம் கிடையாது. அவரிடம் அடித்துப் பேசி நூறு ரூபாய் குறைத்துவிட்டு, அதையே 'பட்ஜெட் டிராவல்' என்று ரீல்ஸ் போடுகிறார்கள். "இன்னும் ரெண்டு பேர்தானே, ஏத்திக்கோங்கண்ணே" என்பது அதைவிட மோசம். பரிசல் கவிழ்ந்தால் போவது அவர் பிழைப்பு மட்டுமா?