கழுத்துக் காயங்களை மதிப்பிடும் முறை

2019 நவம்பர் 17 ஆம் நாள் இரவு, மைசூரில் ஒரு திருமண நிகழ்ச்சிக்கு வந்திருந்த நரசிம்மராஜா தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் தன்வீர் சேட் கழுத்தில் வெட்டப்பட்டார். அந்நகர மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை பெற்று அவர் உயிர் பிழைத்தார். இத்தகைய காயம்பட்டோரை மருத்துவர்கள் எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதை அறிந்துகொள்வது, விபத்து நடந்த இடத்தில் முதலில் உதவ நேருபவருக்கும் பயன்படும்.

மூச்சுக் குழல், உணவுக் குழல், மூளைக்குச் செல்லும் பெருந்தமனிகள், தண்டுவடம் ஆகியவை யாவும் கழுத்தினூடே நெருக்கமாக அமைந்துள்ளன. ஆகவே, வெளியே தெரியும் காயத்தின் அளவைக் கொண்டு உள்ளே நேர்ந்த சேதத்தைக் கணிக்க இயலாது.

மருத்துவர் முதலில் மூச்சைக் கவனிப்பார். அடுத்து இரத்தப் போக்கை நிறுத்துவார். அதன் பின்னரே, தோலுக்கடியிலுள்ள மெல்லிய தசைத் தகட்டைக் காயம் ஊடுருவியுள்ளதா என நோக்குவார். இரத்தம் பீறிடுதல், வீக்கம் விரைந்து பெருகுதல், காயத்தின் வழியே காற்றுக் குமிழிகள் வெளிப்படுதல், மூச்சுத் திணறல், நாடித் துடிப்புத் தளர்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் தாமதமின்றி அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், தசைத் தகட்டைக் கடந்த காயங்கள் அனைத்தையும் திறந்து பார்ப்பதே வழக்கமாயிருந்தது. அவ்வாறு திறந்தவற்றுள் பலவற்றில் உள்ளே சேதம் எதுவும் காணப்படவில்லை. எனவே, இக்காலத்தில் அபாய அறிகுறிகள் இல்லாதோருக்கு, இரத்தக் குழாயில் சாயமருந்து செலுத்திச் சி.டி. படம் எடுத்த பின்னரே முடிவு செய்கின்றனர். உணவுக் குழலின் கிழிசல் தொடக்கத்தில் புலப்படாமல் இருந்து, பின்னர் மார்பினுள் சீழ் பிடிக்கச் செய்யக்கூடும். ஆதலால், விழுங்கும்போது வலியோ உமிழ்நீரில் இரத்தமோ இருப்பின் அதனைத் தனியே சோதிப்பர்.

மரத்திலிருந்து விழுந்தோர், வாகன விபத்தில் சிக்கியோர் ஆகியோரின் நிலை வேறு. இவர்களது கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் எனக் கருதி, தலையும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு அசையாமல் தாங்க வேண்டும்.

வெட்டுக் காயமாயின், தூய துணியை வைத்துக் கையால் அழுத்திப் பிடிக்கவும். கழுத்தைச் சுற்றி இறுகக் கட்டலாகாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்குவதோ, காயத்தினுள் விரல் விட்டு ஆராய்வதோ, குடிக்க நீர் கொடுப்பதோ கூடாது. அறுந்த சிரையினுள் காற்று புகுந்து உயிருக்கு ஆபத்து விளையக்கூடுமாதலால், அழுத்திய துணியை எடுத்து எடுத்துப் பார்த்தலும் தவறு. 108 ஊர்தியை அழைத்து, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைந்து அனுப்புவதே செய்யத்தக்கது. காயம் சிறிதாகத் தோன்றுகிறது என்ற எண்ணத்தில் எவரையும் வீட்டிற்கு அனுப்பிவிடலாகாது.