பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் சித்திரைக்குள் ஏன் உதிர்கிறது?

திண்டுக்கல்லில் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். அது ஓய்ந்ததும் மார்கழியிலேயே பொங்கலுக்காகப் பெயிண்ட் வாளியைத் திறந்துவிடுகிறோம். பெயிண்ட் மேல் பழி போடாதீர்கள்; சுவர் இன்னும் காயவில்லை. செங்கல்லும் பூச்சும் நுண்துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை அஸ்திவாரத்து ஈரத்தை மேலே இழுக்கின்றன. ஈரத்தோடு கரைந்த உப்பும் ஏறும். தோல் ஷாப்புக் கழிவால் பல இடங்களில் நிலத்தடி நீரே உவர்ப்பாகிவிட்ட ஊரில், அந்தத் தண்ணீரில் குழைத்த பூச்சில் உப்புக்குக் கேட்கவா வேண்டும்! வெயில் ஏறியதும் நீர் ஆவியாகிறது. உப்பு மட்டும் படிகமாகப் பருத்து, பட்டியையும் பெயிண்டையும் வெளியே தள்ளுகிறது. சுவரின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள், கையில் வெள்ளை மாவு ஒட்டும்.

“நீர் புகாத பெயிண்ட் அடித்தால் தீராதா?” என்பீர்கள். ஈரம் உள்ளிருந்தல்லவா வருகிறது? வழியை அடைத்தால் கொப்புளம்தான் மிச்சம். பழைய சுண்ணாம்புச் சுவர்கள் தாக்குப்பிடித்ததே, ஆவியை வெளியே விட்டதால்தான். எனவே முதலில் சுவர் காய்ந்ததா என்று பார்க்க, பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒருநாள் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் பெயிண்டர் காத்திருக்கட்டும். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். உப்புத்தாள், பிரைமர், பட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான். பொங்கல் தள்ளிப்போகாதே என்றால், அந்தச் சுவரில் மட்டும் பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு இந்த வருஷம் சுண்ணாம்பு அடியுங்கள்.