ஒரே எடிட்டருக்கு ஏன் இத்தனை கோப்புகள்?

தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. நெமிலிச்சேரி, பட்டாபிராம் பக்கத்துப் பிள்ளைகள் வாங்கிய அந்த மடிக்கணினியை ஆன் செய்ததும் ஒரு கேள்வி வந்து நிற்கும்: விண்டோஸா, பாஸ் லினக்ஸா? பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். முக்கால்வாசிப் பேர் விண்டோஸைத் தட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கணினி அறிவியலின் அடிப்படைப் பாடம் ஒன்றை அந்த ஒரே பெட்டிக்குள் செய்து பார்த்திருக்கலாம்.

நிரல் எழுத உதவும் விஎஸ் கோட் எடிட்டரின் விண்டோஸ் கோப்பை இறக்கி, லினக்ஸ் பக்கம் போய்த் திறந்தால் ஓடாது. இத்தனைக்கும் ப்ராசஸர் அதேதான். கூட்டு, கழி, நகர்த்து என்று அதற்குப் புரியும் கட்டளைகளும் அவையேதான். பிறகு எங்கே இடிக்கிறது?

முதல் இடி கோப்பின் வாசலிலேயே. விண்டோஸ் நிரல் கோப்பு எம், இசட் என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். டாஸ் காலத்தில் அந்த வடிவத்தை அமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற பொறியாளரின் பெயரெழுத்துகள் அவை. லினக்ஸ் நிரலோ 127 என்ற எண்ணில் தொடங்கி இ, எல், எஃப் என்று போகும். இரண்டாவது இடிதான் பெரிது. எந்த நிரலும் தானாக ஹார்ட் டிஸ்க்கைத் தொட முடியாது. "இந்தக் கோப்பைத் திறந்து கொடு" என்று இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் முறை விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் ஒன்று.

அப்படியானால் விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று எடிட்டரை மூன்று முறை எழுதினார்களா? இல்லை. 2015 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய விஎஸ் கோட், எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அதற்குள் இருப்பது குரோமியம் பிரவுசரும் நோட் ஜேஎஸ்ஸும். மேலே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் எல்லாருக்கும் பொது. அடியில் இருப்பது மட்டும் இயங்குதளத்துக்கேற்ப மாறும். எடிட்டர் ரேமை இவ்வளவு தின்பதற்குக் காரணமும் இதுவே: ஒரு முழு பிரவுசரையே கூட்டிக்கொண்டு வருகிறது.

சரி, நிறுவுவது எப்படி? விண்டோஸில் யூசர், சிஸ்டம் என இரண்டு இன்ஸ்டாலர்கள் உண்டு. யூசர் வகைக்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டாம். நிறுவும்போது 'பாத்'தில் சேர்க்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் டெர்மினலில் கோட் என்று அடித்ததும் எடிட்டர் திறக்கும். மேக்கில் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டால் முடிந்தது.

எனக்குப் பிடித்தது டெபியன், உபுண்டு வழி. டெப் கோப்பு தனக்கு எந்தெந்த லைப்ரரிகள் வேண்டும் என்ற பட்டியலைக் கையோடு கொண்டுவரும். ஆப்ட் என்ற நிறுவும் கருவி அந்தப் பட்டியலைப் படித்து, இல்லாததை இணையத்திலிருந்து எடுத்துவந்து நிறுவிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் களஞ்சிய முகவரியும் சேர்ந்துவிட்டால், பின்னால் வரும் புதுப் பதிப்புகளையும் ஆப்டே கொண்டுவரும்.

பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. விண்டோஸ் 7-க்கு விஎஸ் கோட் 1.70.3-தான் கடைசி. 32 பிட் லினக்ஸுக்கு 2019-லேயே நிறுத்திவிட்டார்கள். 2024 தொடக்கத்தில் வந்த 1.86 பதிப்பு ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் 2.28-ஐக் கேட்டது; உபுண்டு 18.04-இல் இருந்தது 2.27. அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தில் பலருக்கு வேலை நின்றது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டதால், அதிலேயே இணையத்தில் உலவுவது ஆபத்து.

அதற்காக அந்த மடிக்கணினியைப் பழைய சாமான் கடைக்குப் போடாதீர்கள். எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ திரையோடு டெபியன் 12-ஐ ஏற்றலாம். 2 ஜிபி ரேமில் விஎஸ் கோட் திணறினால் ஜீனி எடிட்டர் போதும். ஆப்டிடம் ஒரே வரியில் கேட்டால் வந்துவிடும். கல்லூரி முதல் வருடத்து சி, பைத்தான் பாடங்களை அதிலேயே எழுதி ஓட்டலாம்.