இடையிலே ஒரு நிழல்

எங்கள் வீட்டில் யானைக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. பகலில் அது பிள்ளையார்; இரவில் 'பெரியவர்'. இருட்டியபின் யானை என்ற சொல்லை எவரும் வாய்விட்டு உச்சரிப்பதில்லை. உச்சரித்தால் வந்துவிடும் என்பது என் தாயாரின் நம்பிக்கை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், காடு வயலைத் தொடுகின்ற இடத்தில் எங்கள் வட்டை இருந்தது. காட்டு வழியே வட்டைக்குப் போகிறவர்கள் மரத்தடியிலே கல்லாய் அமர்ந்திருக்கும் பிள்ளையாருக்கு ஒரு குழையை முறித்து வைத்துவிட்டே அப்பாற் செல்வர். என் சித்தப்பாவும் அவ்வாறே குழை வைத்துத்தான் போனார். இற்றைக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன், தை மாதக் கடைசியில், கதிர் முற்றிய வேளாண்மைக்குக் காவலாக வாடியிலே தங்கியிருந்த ஓர் இரவில், அரிக்கன் விளக்குடன் வரம்பில் இறங்கியவர் திரும்பி வரவில்லை. காலையில் ஊரார் அவரைச் சுமந்து வந்தனர்.

அவருடைய மகனுக்கு அப்பொழுது ஆறு வயது. தாயை முன்னரே காய்ச்சலுக்குக் கொடுத்தவன். அன்று தொடக்கம் அவன் எங்கள் வீட்டிலே என் தம்பியாக வளர்ந்தான். அன்று தொடக்கம் அந்தப் பிள்ளையாருக்கு அவன் குழை வைத்ததுமில்லை. "அப்பா வைச்ச குழை என்ன செய்தது?" என்று ஒருமுறை கேட்டான். எங்களில் யாரிடமும் அதற்கு விடை இருக்கவில்லை.

அந்தத் தம்பியை அழைத்துக்கொண்டுதான் நான் உடவளவைக்குப் போனேன்.

"அண்ணே, அதுகளைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகுது? பார்த்தது காணாதா?" என்று முதலில் மறுத்தான். நான் வற்புறுத்தவில்லை. மொனராகலையில் ஒரு கலியாண வீடு இருந்தது, வந்தான். அது முடிந்த மறுநாள் வெல்லவாய, தணமல்வில வழியாக வண்டி ஓடியபோது, எங்கே போகிறோம் என்று அவன் கேட்கவில்லை. அறிந்தே வந்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று மணிக்கு ஒரு முறை

வளவை கங்கையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்து கிடக்கிறது உடவளவைத் தேசிய வனம். 1972ஆம் ஆண்டில் வனவிலங்குகளுக்கென ஒதுக்கப்பட்ட 300 சதுர கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நிலம் அது. அதன் ஓரத்தில், 1995ஆம் ஆண்டில், வனசீவராசிகள் திணைக்களம் தாயற்ற யானைக் கன்றுகளுக்காக ஓர் இல்லத்தை அமைத்தது. சிங்களத்தில் அதனை 'எத் அத்துரு செவன' என்பர். யானைகள் இடையிலே தங்கிப் போகும் நிழல் என்பது அதன் பொருள். 'போகும்' என்ற அந்தச் சொல்லின் கருத்து முழுவதும் அன்று மாலைதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் சென்றபொழுது காலை ஒன்பது மணி ஆகச் சில நிமிடங்கள் இருந்தன. பார்வையாளருக்கெனக் கட்டிய மேடையில் ஏறி நின்றோம். எதிரே வெறுந்தரை, அதற்கு அப்பால் ஒரு கதவு, கதவுக்கு அப்பால் புழுதி. புழுதியினுள்ளே முனகலும் பிளிறலும் கேட்டன. கதவு திறந்ததும் நான்கைந்து கன்றுகள் ஓடி வந்தன. யானை நடக்கும் என்றே நாம் கேட்டிருக்கிறோம். பசித்த கன்று ஓடுவதைப் பார்க்கவேண்டும்! காதுகள் இரண்டும் விரிய, வால் நிமிர, தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டிக்கொண்டு, பள்ளி விட்ட பிள்ளைகள் மாதிரி வந்தன.

ஊழியர் ஒருவர் தலைக்கு மேலே புனலை உயர்த்திப் பிடிக்க, மற்றொருவர் அதிலே பாலை ஊற்றுகிறார். புனலிலிருந்து இறங்கும் இறப்பர்க் குழாய் கன்றின் வாயினுள் போகிறது. யானைக் கன்று தும்பிக்கையாற் பால் குடிப்பதில்லை, வாயாலேயே குடிக்கும். தாயின் மடி, பசுவைப் போலப் பின்னங்கால்களிடையே அன்றி, மனிதத் தாயைப் போல முன்புறத்தில், முன்னங்கால்களுக்கு இடையிலே அமைந்திருக்கிறது. கன்று தும்பிக்கையைத் தூக்கித் தலைக்கு மேல் வளைத்துக்கொண்டு குடிக்கிறது. இங்கே தாயின் வயிறு இருக்கவேண்டிய இடத்தில் ஊழியரின் காற்சட்டை இருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. அளவு முடிந்ததும் குழாய் எடுக்கப்படும். அப்பொழுது சில கன்றுகள் அடம் பிடிக்கின்றன. குழாயைத் தேடித் தும்பிக்கையை நீட்டுகின்றன. ஊழியரைத் தலையால் முட்டுகின்றன. அவர் ஒரு சொல் சொல்லி விலக்க, முணுமுணுத்துக்கொண்டு புல்லும் தழையும் குவித்த பக்கம் போகின்றன. அடுத்த கூட்டம் கதவுக்கு வெளியே இடிபடுகிறது. கடைசிக் கன்றும் குடித்து முடிந்தபின் எல்லாம் சேர்ந்து நீர்த்தேக்கத்தின் பக்கமாக வனத்தினுள் போய்விடுகின்றன. மீண்டும் மூன்று மணி நேரம் கழிந்தால் வரவேண்டும் என்பதை அவற்றுக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. சின்னஞ்சிறு கன்றுகளுக்கு இரவிலும் இப்படியே ஊட்டவேண்டும்.

தாயை இழந்த வழிகள்

இருபத்திரண்டு மாதங்கள் வரை சுமந்து, ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறையுள்ள ஒரே கன்றைப் பெறுகிறது தாய் யானை. இரண்டு வயதுக்குப் பின்னும் கன்று பாலை விடுவதில்லை. தாய் மட்டுமல்ல, பாட்டியும் பெரியம்மாவும் சின்னம்மாவும் தமக்கையுமாகக் கூட்டமே கன்றை வளர்க்கிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எப்படி அநாதையாகிறது?

சில கன்றுகள் காட்டோரத்துப் பாழ்கிணற்றிலே விழுந்து, கூட்டத்தைத் தவறவிடுகின்றன. சிலவற்றின் தாய்மார் துப்பாக்கிக்கு இரையாகின்றன. சிலவற்றைக் கண்ணி பிடித்துவிடுகிறது. கண்ணியிற் காலை இழந்து, செயற்கைக் காலுடன் நடக்கப் பழகிய கன்றும் இந்த இல்லத்தில் வளர்ந்ததுண்டு. எல்லாவற்றிலும் கொடியது 'ஹக்க பட்டாஸ்' எனப்படும் வாய்வெடி. காட்டுப் பன்றிக்கென்று காய்கறியினுள்ளே மறைத்து வைக்கும் வெடிமருந்தை யானை கடித்தால் தாடை சிதறும். உடனே சாவதில்லை. உணவின் நடுவே நின்றுகொண்டு பல நாட்கள் பட்டினி கிடந்து சாகும். புகையிரதப் பாதைகள் வேறு. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகிற நாங்கள் அறியாததா? 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஹபரணைக்கு அருகில், இரவுப் புகையிரதம் மோதி ஒரே தடவையில் ஆறு யானைகளுக்குக் குறையாமல் மடிந்தன.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையிலே 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. அதே ஆண்டில் யானைகளால் ஏறத்தாழ 120 மனிதர் உயிரிழந்தனர். ஒவ்வொரு மனிதனுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீடுகளில் ஒன்றில் நான் வளர்ந்தவன். எனவே, யானைக்காகக் கண்ணீர் விடுமாறு படுவான்கரையாரைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆனால், தாயிழந்த கன்றும் தகப்பனை இழந்த பிள்ளையும் ஒரே வேலியின் இரு பக்கத்தில் நிற்கின்றன என்பதை அந்த மேடையில் நின்றபோது என்னால் மறுக்க முடியவில்லை.

தொடாத கை

மேடையில் எங்கள் அருகே நின்ற ஒரு சிறுமி, கன்றைத் தொடவேண்டும் என்று தாயிடம் அழுதாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் இங்கே பார்வையாளர் எவரும் கன்றைத் தொடமுடியாது. ஒரு வாழைப்பழம் நீட்டவும் முடியாது. ஊழியர்கள்கூடப் பாலூட்டவும் மருந்திடவும் வேண்டிய அளவுக்கே நெருங்குகின்றனர். பால் முடிந்த பின்பு, பழகிய ஓர் ஊழியரிடம் சிங்களத்திற் காரணம் கேட்டேன்.

"மாத்தையா, எங்களோடு ஒட்டிக்கொண்டால் அது எங்களைத் தேடி ஊருக்குள் வரும். ஊருக்குள் வந்தால் சுடுவார்கள்" என்றார் அவர். வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

இதே வினாவுக்குக் கென்யாவில் வேறொரு விடை கண்டவர் டெப்னி ஷெல்ட்ரிக் அம்மையார். நைரோபி வனத்தின் ஓரத்தில் தாயற்ற கன்றுகளுக்காக அவர் அமைத்த வளர்ப்பில்லம் உலகறிந்தது. பசுப்பாலின் கொழுப்பு யானைக் கன்றுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனைக் கொடுத்தால் கன்று நலிந்து இறக்கும். பல ஆண்டுகள் முயன்று, தேங்காயெண்ணெய் சேர்ந்த குழந்தைப் பால்மாவே தாய்ப்பாலுக்குக் கிட்ட வருகிறது என்று அவர் கண்டறிந்தார். நம் வீட்டுத் தேங்காய் ஆபிரிக்க யானைக்குத் தாயாயிற்று!

ஆனால் அதனினும் பெரிய பாடம் ஒன்றை அவர் பெரும் விலை கொடுத்துக் கற்றார். 1970களில் ஆயிஷா என்ற கன்றை இரவு பகலாகத் தாமே வளர்த்துவந்தார். மகளின் திருமணத்துக்காகச் சில நாட்கள் அவர் வெளியூர் செல்ல நேர்ந்தது. அந்தப் பிரிவைத் தாங்கமாட்டாமல் கன்று உண்ண மறுத்து இறந்துபோயிற்று. ஒரே மனிதரிடம் முழு அன்பையும் வைக்கும்படி ஒரு கன்றை வளர்ப்பது அதற்கே கேடு என்பதை அவர் அன்று உணர்ந்தார். அதன்பின் அந்த இல்லத்தில், கன்றுகளோடு கொட்டிலிலேயே இரவில் உறங்கும் காவலர்கள் முறை மாற்றி முறை மாற்றி அமர்த்தப்பட்டனர். தொங்கவிட்ட கம்பளியைத் தாயின் வயிறென்று எண்ணிக் கன்று அதன்மேல் முகம் வைத்துப் பால் குடிக்கும். வளர்ந்ததும் அவை சாவோ வனத்துக்குக் கொண்டு செல்லப்படுகின்றன. அங்கே, முன்னர் இதே இல்லத்தில் வளர்ந்து காடேறிய யானைகளே புதியவற்றை ஏற்றுக்கொள்கின்றன. ஷெல்ட்ரிக் அம்மையார் 2018இல் மறைந்தார். அவர் வகுத்த முறை நிலைத்துவிட்டது.

ஓரிடத்தில் அணைத்து வளர்க்கின்றனர். மற்றோரிடத்தில் விலகி நின்று வளர்க்கின்றனர். இரண்டின் நோக்கமும் ஒன்றே: பிள்ளை நமக்குரியதன்று.

திரும்பிப் போகும் வழி

உடவளவையிலிருந்து முதற் கன்றுகள் 1998ஆம் ஆண்டில் வனத்தில் விடப்பட்டன. அன்றிலிருந்து நூறுக்கும் மேற்பட்டவை காடு சென்றுள்ளன. பால் மறந்து, தழை தின்று வாழத் தெரிந்த வயதில், ஏறக்குறைய ஐந்து வயதில், தனியாக அன்றிக் கூட்டமாக விடுகின்றனர். தாயில்லாப் பிள்ளைகள் இங்கேயே ஒன்றுக்கொன்று உறவாகிவிடுகின்றன. அந்த உறவோடுதான் காட்டுக்குப் போகின்றன. அப்படிப் போன பிடிகளுட் சில, காட்டிலே தாமும் கன்று ஈன்றிருக்கின்றன. குழாயிற் பால் குடித்து வளர்ந்தவற்றுக்குத் தம் கன்றுக்கு மடி கொடுக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இதனை நான் சொன்னபோது தம்பி நெடுநேரம் பேசாமலிருந்தான். பின்பு, "விட்டால் மறுகா ஆற்றையும் வட்டைக்குத்தானே வரும்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. வரவும் கூடும். இலங்கையில் யானைகள் உலவும் நிலத்தின் பெரும்பகுதியில் மனிதரும் குடியிருக்கின்றனர். வனத்தைச் சுற்றி வேலி போட்டு யானைகளை உள்ளே அடைத்துவிட்டால் தீரும் என்று நீண்டகாலம் நம்பினோம், தீரவில்லை. வேலிக்கு இரு பக்கமும் யானைகள் நின்றன. ஊரையும், பயிர் நிற்கும் காலத்தில் வயலையும் சுற்றி வேலியிட்டு, அறுவடை முடிந்ததும் வயல் வேலியைக் கழற்றிவிடுவதே பயன் தரும் என்று 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தேசியத் திட்டம் கூறியது. கூறியது எல்லாம் எங்கும் நடந்துவிடவில்லை. இரவுக் காவலுக்குப் போகும் விவசாயியின் கையில் இன்றும் யானை வெடிதான் இருக்கிறது.

இவற்றையெல்லாம் தம்பிக்குச் சொன்னேன். அவன் கேட்டானோ என்னவோ, கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு மணிப் பாலுக்குக் கன்றுகள் மீண்டும் வந்தன. எல்லாவற்றிலும் சிறியது ஒன்று பெரியவற்றிடையே இடிபட்டுப் பின்தங்கி நின்றது. ஊழியர் அதனைப் பெயர் சொல்லி அழைத்து முன்னே விட்டார்.

"பெரியம்மாவும் இப்பிடித்தான்" என்றான் தம்பி.

எனக்கு நினைவு வந்தது. ஏழு பேர் உண்ணும் வீட்டில் என் தாயார் சோற்றுப் பானையைத் திறந்ததும் முதலில் அவன் பெயரைத்தான் அழைப்பார். ஆனால் ஒருநாளும் அவனைத் தம் மகன் என்று ஊராரிடம் சொன்னதில்லை; "கொழுந்தன்ர புள்ள" என்றே சொல்வார். சிறுவயதில் அது எனக்கே கொடுமையாகத் தோன்றியது. சித்தப்பாவின் வயலையும் வளவையும் ஒரு பிடி மண் குறையாமற் காத்து, அவனுக்கு இருபத்தொரு வயதானபோது சாவியைக் கையிற் கொடுத்து, "போ மனே, உன்ர வீட்டில விளக்கு எரியோணும்" என்று அனுப்பினார். அன்று அவர் சமையலறையினுள் இருந்து அழுததை அவன் அறியான். அன்றுதான், அந்த மேடையில் வைத்துத்தான், நான் அவனுக்கு அதனைச் சொன்னேன்.

அவன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில் சரியா அடிக்குது, போவம்" என்றான்.

மறுநாள் மாலை எங்கள் ஊர்க் காட்டுப் பாதையில் வண்டி திரும்பியது. மரத்தடிப் பிள்ளையார் அருகே வந்ததும் நிறுத்தச் சொன்னான். நான் இறங்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் அந்த வழியால் கை வீசிப் போனவன், பாதையோரத்துப் பாலை மரத்தில் ஒரு சிறு குழையை முறித்து, கல்லின் முன்னே வைத்துவிட்டு வந்து ஏறினான்.

"அதுகளும் போய்ச் சேரட்டும்" என்றான்.

இருட்டத் தொடங்கியிருந்தது. வழக்கம்போல, யானை என்ற சொல்லை அவன் உச்சரிக்கவில்லை.